இரண்டு பேருக்கு ஒரு ரேடியோ

அது பொம்மை இல்லை. இதை என் மனைவியிடம் பத்து வருஷமாகச் சொல்லி வருகிறேன், அவளும் பத்து வருஷமாக நம்பாமல் இருக்கிறாள். ஐம்பத்திரண்டு வயது ஆம்பளை ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியில் குட்டிக் கார்களை அடுக்கிக்கொண்டு கிளம்பினால் யார்தான் நம்புவார்கள். கையில் பிடித்து ஓட்டுகிற கருவியை அவள் 'ரிமோட்' என்பாள். ரிமோட் டிவிக்கு. எங்களுக்கு அது ரேடியோ. துப்பாக்கி மாதிரி ஒரு பிடி, சுட்டுவிரலுக்கு ஒரு விசை, பக்கவாட்டில் பஞ்சு சுற்றிய சின்னச் சக்கரம். விசையை இழுத்தால் கார் ஓடும், தள்ளினால் நிற்கும், சக்கரத்தைத் திருப்பினால் திரும்பும். அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதனின் பிழைப்பையே கெடுக்கலாம் என்று கண்டுபிடித்த பெருமை எங்கள் குழுவில் என்னைத்தான் சேரும்.

என்னிடம் மூன்று கார்கள். தாரில் ஓட ஒன்று, மண்ணில் ஓட ஒன்று, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு குட்டி. மூன்றுக்கும் பெட்டியோடு வந்த மூன்று ரேடியோக்கள், மூன்றும் கறுப்பு. பட்டர்வொர்த் பக்கம் ஒரு பழைய கிடங்கின் முன்னால் நாங்களே கோடு போட்டு வைத்திருக்கும் ஓடுதளம். தார் ஒரு பக்கம், மண் ஒரு பக்கம். ஓட்டுகிறவர்கள் ஏறி நிற்க ஒரு மரப்பலகை மேடை. ஒரு ஞாயிறு அதில் வரிசையாக நிற்கிறோம், கொடி இறங்குகிறது, நான் விசையை இழுக்கிறேன், என் தார்க் கார் கோட்டில் பிடித்துவைத்த பிள்ளையாராக உட்கார்ந்திருக்கிறது. பதற்றம் வந்தால் எனக்கு மூளை விரல்நுனிக்கு இறங்கிவிடும். இன்னும் பலமாக இழுத்தேன். எனக்குப் பின்னால் மேசைமேல் மல்லாந்து கிடந்த மண் கார், முழு வேகத்தில் சக்கரம் சுழன்று, அதில் ஒட்டியிருந்த சேற்றையெல்லாம் பக்கத்தில் விரித்து வைத்திருந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தின் மேல் வாரி இறைத்துக்கொண்டிருந்தது. மாற்றி எடுத்துவந்தது மண் காரின் ரேடியோவை. நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. ரேடியோ செத்துவிட்டது என்று கத்திக்கொண்டே இழுத்தேன்.

அந்த நாசி லெமாக்கின் சொந்தக்காரர்தான் எங்கள் வேன் அண்ணன். அறுபதைத் தாண்டியவர். சுங்கை பினாங்கில் எனக்கு அடுத்த அடுக்குமாடி புளோக். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் வைத்திருக்கிறார், அதுதான் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே வேனில் பிள்ளைகளுக்குப் பதில் எங்கள் கார்ப் பெட்டிகளும் நானும் ஏறிக் கடல் பாலத்தைத் தாண்டித் தளத்துக்குப் போவோம். அன்று அவர் சேற்றை விரலால் ஓரமாக ஒதுக்கிவிட்டு மீதியைச் சாப்பிட்டார். "சம்பல்ல உப்பு கம்மியாத்தான் இருந்துச்சு, தம்பி," என்றார். திட்டியிருந்தால் எனக்கு அவரைக் கொஞ்சம் குறைவாகப் பிடித்திருக்கும். பின்னால் நடந்ததும் நடந்திருக்காதோ என்னவோ.

மூன்று ரேடியோக்களை ஒழித்துக்கட்டி ஒன்றே ஒன்று வாங்குவது என்று அன்றே முடிவு செய்தேன். அவருக்கும் இரண்டு கார்கள், இரண்டு ரேடியோக்கள், அதில் ஒன்று ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியது. இரண்டு பேருமாகக் கடைக்குப் போனோம். ஜார்ஜ்டவுனில் மாடிமேல் இருக்கிற கடை, படி ஏறும்போதே பெட்ரோலும் ரப்பரும் கலந்த வாசனை. கடைக்கார தவுக்கே எடுத்த எடுப்பில் ஒரு கேள்விதான் கேட்டார். எத்தனை காடி? ஐந்து கார் என்றோம். அப்படியானால் ரேடியோவின் விலையைப் பார்க்காதே, ரிசீவரின் விலையைப் பார் என்றார். ஒவ்வொரு காருக்குள்ளும் ரேடியோவின் பேச்சைக் கேட்கிற சின்னப் பெட்டி ஒன்று இருக்க வேண்டும். அதுதான் ரிசீவர். ஒரு கம்பெனி ரேடியோவின் பேச்சை இன்னொரு கம்பெனி ரிசீவர் கேட்காது. ரேடியோவை மலிவாகக் கொடுத்துவிட்டு ரிசீவரில் தோலை உரிப்பவர்கள் உண்டு. பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு, கூட வருகிற மாமியாரைப் பார்க்காமல் கட்டிக்கொள்வது மாதிரி.

பிறகு ஞாபகசக்தி. ஒவ்வொரு காரும் எவ்வளவு திரும்ப வேண்டும், எவ்வளவு வேகமாகத் திரும்ப வேண்டும், பிரேக் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதையெல்லாம் ரேடியோ தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்ளும். திரையில் காரைத் தேர்ந்தெடுத்தால் போதும். தவறான காரைத் தேர்ந்தெடுத்தால் நல்ல ரேடியோ ஓட மறுத்துவிடும், மலிவு ரேடியோ ஓடவிட்டுச் சுவரில் அடிக்கும். சிக்னல் அறுந்தால் கார் தானாகப் பிரேக் போடுகிறதா என்று கேட்டேன். எடை பார்த்தேன். ஒரு மணிநேரம் தூக்கிப் பிடித்தால் மணிக்கட்டு வலிக்குமா என்று கடைக்குள் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. நடுத்தரமானதில் ஆளுக்கொன்று வாங்கலாம், அல்லது இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு நல்லது வாங்கலாம். நல்லதைக் கையில் எடுத்து, சக்கரத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "இதுவே எடுத்துக்குவோம். மெனு கினு எல்லாம் எனக்குப் புரியாது. நீ செட் பண்ணிக் குடு, நான் ஓட்டுறேன்," என்றார்.

இரண்டு பேருக்கு ஒரு ரேடியோ எப்படிப் போதும் என்று கேட்பீர்கள். எங்கள் ஓட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சுற்றை ஓட்டி முடித்தவன் உடனே வீட்டுக்குப் போக முடியாது. அடுத்த சுற்றுக்கு அவன் மார்ஷல். தளத்தின் வளைவில் போய் நிற்க வேண்டும், கவிழ்கிற கார்களைக் குனிந்து நிமிர்த்திவிட வேண்டும். நிமிர்த்தாமல் நழுவினால் அவன் சுற்றுக் கணக்கிலிருந்து வெட்டிவிடுவார்கள். ஆகவே நான் முதல் சுற்று, அண்ணன் இரண்டாம் சுற்று. நான் ஓட்டி முடித்து ரேடியோவை அவர் கையில் கொடுத்துவிட்டு வளைவில் போய் நிற்பேன். அவர் கார் கவிழ்ந்தால் நான்தான் நிமிர்த்துவேன். இரண்டு கிழவர்கள் ஒரு பல்செட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வது போல என்று குழுவில் சிரித்தார்கள். சொன்னது நான்தான்.

ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு கோளாறு. அண்ணன் என்னைவிட நன்றாக ஓட்டினார்.

இருபத்தைந்து வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை அல்லவா. எனக்குத் தெரியாத மெனுவே அந்த ரேடியோவில் இல்லை. அவருக்கு மெனு என்றால் சாப்பாட்டுக் கடையில் இருப்பது. ஆனாலும் வாராவாரம் என் நேரத்தைவிட அவர் நேரம் குறைவு. நான்கு வாரம் சகித்தேன். ஐந்தாவது வாரம், அவர் சாப்பாடு தாப்பாவ் வாங்கக் கடைக்குப் போயிருந்தபோது, வேனின் முன் சீட்டில் உட்கார்ந்து அவர் தார்க் காரைத் திரையில் திறந்தேன். ஸ்டியரிங் வேகம் என்று ஓர் இடம் இருக்கிறது. நூறு என்றால் நீங்கள் சக்கரத்தைத் திருப்பிய கணமே காரும் திரும்பும். குறைத்தால் கார் சோம்பேறித்தனமாக, யோசித்து யோசித்துத் திரும்பும். அறுபதில் வைத்தேன்.

ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடிப்பார், கெட்ட வார்த்தையில் திட்டுவார், டீ குடித்துக்கொண்டே சிரிப்போம் என்பதுதான் திட்டம். வளைவில் மார்ஷலாக நின்றேன். அவர் கார் வந்தது, திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை, நேராக வந்து தடுப்பில் முட்டியது. நிமிர்த்திவிட்டேன். அடுத்த சுற்றும் அப்படியே. அதற்கடுத்ததும். காரைக் கையில் தூக்கிவைத்துக்கொண்டு மேடையைப் பார்த்து, "அண்ணே, திரும்பச் சொல்லி கடுதாசியா போடுறீங்க?" என்றேன். மேடையே குலுங்கியது. சிரிப்பு கிடைத்துவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. "ஸ்கூல் பிள்ளைங்களையும் இப்படித்தான் சுவத்துல சாத்துறீங்களா?" என்றேன்.

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. அண்ணனும் கொஞ்சம் சிரித்தார். டீக்கடையில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எல்லாரும் என் கிண்டலைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல சரக்கை ஒரே நாளில் தீர்ப்பானேன்? அடுத்த வாரம் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் வந்ததும் அறுபதை நாற்பது ஆக்கினேன். ஏன் என்று கேட்காதீர்கள். சிரிப்பு இன்னும் பெரிதாக வரும் என்றுதான். வந்தது.

அதற்கடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கப் போகிறேன் என்று சேதி அனுப்பினார். கோபித்துக்கொண்டார் போல என்று நினைத்தேன். அவர் தோற்றதற்குக் காரணம் நான்தான் என்பதை வசதியாக மறந்து, கொஞ்சம் சந்தோஷம்கூடப் பட்டேன்.

அதற்கும் அடுத்த ஞாயிறு வந்தார். வேனில் ஏறும்போது கவனித்தேன், அவருடைய இரண்டு கார்களும் வாங்கியபோது வந்த அட்டைப் பெட்டிகளில் இருந்தன. தளத்தில் இறங்கியதும் அந்தப் பெட்டிகளை என் மேசைமேல் வைத்தார்.

"நீயே வச்சுக்கோ, தம்பி. கை லேட் ஆயிருச்சு."

எனக்குப் புரியவில்லை. விளக்கினார். விரல் நுனி மரத்துப்போவது கொஞ்ச நாளாக உண்டு, சர்க்கரைதான் காரணம் என்று டாக்டர் சொன்னாராம். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இந்தத் தளத்தில் இரண்டு வாரம் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டாராம், கை திருப்புவதற்கும் கார் திரும்புவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. இந்தச் சின்னக் காருக்கே இப்படியென்றால் வேனில் பதினான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள். "நீ சொன்னது சரிதான்லா. சுவத்துல சாத்துனா அப்பறம் யார் பதில் சொல்றது," என்றார். வேனை வாங்க ஓர் ஆள் பார்த்திருக்கிறார். தாசேக் கெலுகோர் பக்கத்து ஆள், நாளைக் காலை வந்து எடுத்துக்கொள்வார். பெற்றோர்களிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது.

நல்லவனாக இருந்தால் அந்த நிமிஷமே சொல்லியிருப்பேன். நான் என்ன செய்தேன் தெரியுமா? ரேடியோவைத் தூக்கிக்கொண்டு கழிவறைக்கு ஓடினேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, மெனுவைத் திறந்து நாற்பதை நூறாக்கினேன். போலீஸ் வருகிறது என்று கேள்விப்பட்டவன் சாமானைக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றுவான் இல்லையா, அந்த மாதிரி. சந்தேகம் வரக்கூடாதென்று தண்ணீரும் ஊற்றினேன். அப்போது என் கணக்கு இது. ஒரு தடவை ஓட்டச் சொல்வோம், கார் சரியாகத் திரும்பும், கை சரியாகிவிட்டது என்று அவரே நினைத்துக்கொள்வார், நானும் யோக்கியனாகவே வீட்டுக்குப் போவேன்.

கடைசியாக ஒரு தடவை என்று கெஞ்சி ரேடியோவைக் கையில் திணித்தேன். மேடையில் ஏறினார். கார் இப்போது சொன்ன கணம் திரும்புகிற கார். ஆனால் ஓட்டுகிறவர் பழைய ஆள் இல்லை. வளைவுக்குப் பத்தடி முன்னாலேயே வேகத்தைக் குறைத்தார். சீக்கிரமே திருப்பினார், உள்பக்கக் கோட்டில் ஏறினார், பயந்து மறுபக்கம் ஒடித்தார். கவிழ்ந்தது. கால் சுற்றுகூட முடியவில்லை. மார்ஷலாக நின்ற நான் காரை நிமிர்த்தினேன். மேடையிலிருந்த ஒருவர் எனக்குப் பதிலாக ஒரு ஜோக் சொன்னார். என் ஜோக்தான், பழையது.

அண்ணன் ரேடியோவை அணைத்து மேசைமேல் வைத்தார். "பாத்தியா," என்றார். அவ்வளவுதான்.

அப்போது சொன்னேன். எல்லார் முன்னாலும் சொன்னேன். கை இல்லை அண்ணே, நான்தான் மெனுவில் குறைத்தேன் என்று. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணன் என் தோளில் தட்டினார். "தேத்தணும்னு சொல்ற. நல்ல மனசு உனக்கு." சத்தியம் பண்ணினேன். சிரித்தார்கள். பத்து வருஷமாக வாயைத் திறந்தாலே ஜோக் என்று பழக்கி வைத்தவன் முதல் தடவையாக நிஜம் சொன்னால் யார் நம்புவான்? ரேடியோவைத் திறந்து காட்டினேன். நூறு என்று பளிச்சென்று நின்றது. அதை அங்கே வைத்தவனும் நான்தான். என் சொந்தக் காரை எடுத்து, எல்லார் கண் முன்னாலும் நாற்பதில் வைத்து ஓட்டிக் காட்டினேன். நேராகப் போய்த் தடுப்பில் முட்டியது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. "பாருங்க, இப்படித்தான்!" என்று கத்தினேன்.

குழுவிலேயே குறைவாகப் பேசுகிற ஒரு பெரியவர், "தம்பி எப்பவும் அப்படித்தானே ஓட்டுவாரு," என்றார்.

திரும்பும்போது வேனில் நான் நிறுத்தவில்லை. பாலத்தில் ஏறும்வரை கிளிப்பிள்ளை மாதிரி ஒன்றையே சொன்னேன். அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து இடதுபுறத் தடத்தில் ஊர்ந்தார். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. வழக்கமாக ஒரு கையால் ஓட்டுகிறவர். நீங்கள் தாப்பாவ் வாங்கப் போனபோது என்றேன், இதே சீட்டில் உட்கார்ந்து என்றேன். முதல் வாரம் அறுபது, ரெண்டாவது வாரம் நாற்பது என்றேன்.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டாவது வாரமும் கொறைச்சியா?"

தலையாட்டினேன்.

ரெண்டாவது வாரம் இன்னும் மோசமானதை அவர் யாரிடமும் சொல்லவில்லையாம். பெண்டாட்டியிடம்கூட. அந்த ராத்திரிதான் வேனை விற்பதென்று முடிவு பண்ணினாராம். இதைச் சத்தமே இல்லாமல், சாலையைப் பார்த்தபடி சொன்னார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் பாதி பாரம் இறங்கும் என்று எனக்கு ஒரு நப்பாசை. அந்தப் பாதியை அவர் எனக்குத் தரவில்லை.

"இப்ப நம்புறீங்கல்ல?" என்றேன்.

"நான் நம்புறேன். கை நம்பணுமே."

பாலத்தை இறங்கிய இடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே பாய்ந்தது. நான் பார்ப்பதற்குள் வேன் நின்றுவிட்டது. நான் சீட்டிலிருந்து துள்ளினேன். பாத்தீங்களா, எவ்வளவு டக்குனு நின்னுச்சு, உங்களுக்கு ஒண்ணுமில்லை அண்ணே என்று குதித்தேன்.

"அது கால்," என்றார்.

மீதி வழி முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

அவருடைய புளோக்கின் பின்பக்கம், சுவரை ஒட்டி அவர் வேன் நிறுத்துகிற இடம். ஒரு பக்கம் தூண், மறுபக்கம் இரண்டு பெரிய குப்பைத் தொட்டிகள். பின்பக்கமாக வந்து, ஒரே ஒடிப்பில் உள்ளே நுழைய வேண்டும். இத்தனை வருஷத்தில் அவர் இரண்டாம் தடவை முயன்று நான் பார்த்ததில்லை. அன்று இடத்துக்கு முன்னால் நிறுத்தினார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"எறங்கு. பின்னால போய் சுவத்துல சாஞ்சு நில்லு."

எதற்கு என்றேன்.

"நீதானே மார்ஷல்."

இறங்கிப் போய் நின்றேன். வேறு என்ன செய்வது? முதுகில் சுவர், முன்னால் வேனின் பின்கதவு. கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது, என்னைப் பார்க்கிறாரா சுவரைப் பார்க்கிறாரா என்று தெரியவில்லை. ரிவர்ஸ் விளக்கு எரிந்தது. மெதுவாக வருவார் என்று நினைத்தேன். பாலத்தில் ஊர்ந்த மனிதர் அல்லவா. அவர் வழக்கமான வேகத்தில் வந்தார். பழைய ஞாயிற்றுக்கிழமைகளின் வேகம், ஒரு கை ஜன்னலில் வைத்துக்கொண்டு வருகிற வேகம். வாங்க வாங்க என்று கையை ஆட்டிக்கொண்டிருந்த நான், போதும் அண்ணே என்றேன், நில்லுங்க என்றேன், பிறகு வார்த்தையில்லாத ஏதோ ஒரு சத்தம் போட்டேன். மேல்மாடியில் ஓர் அக்கா துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். வேன் வளைந்து, தூணைத் தொடாமல், தொட்டியைத் தொடாமல் உள்ளே நுழைந்தது. என் தொப்பையில் நம்பர் பிளேட் மெதுவாக வந்து சாய்ந்தது. இடிக்கவில்லை. சாய்ந்தது.

என்ஜின் நின்றது. அவர் இறங்கி வந்து, முதலில் தூணுக்கும் வேனுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்தார். அந்தப் பக்கம் போய்த் தொட்டி இடைவெளியையும் பார்த்தார். இரண்டும் சமம். தன் வலது கையை ஒரு தடவை விரித்து மூடினார். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"லேட்டா?"

இல்லை என்று தலையை ஆட்டவும் இடமில்லை, சுவர் இருந்தது.

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். தாசேக் கெலுகோர் ஆளைக் கூப்பிட்டு, மலாயில், பொறுமையாக, மன்னிப்பெல்லாம் கேட்டு, வேன் விற்பனைக்கு இல்லை என்றார். அந்த ஆள் விடுவதாக இல்லை போல, பத்து நிமிஷம் பேசினார். நான் மூச்சை உள்ளே இழுத்துப் பக்கவாட்டில் நழுவப் பார்த்தேன். தொப்பை ஒரு பக்கம் வந்தது, நான் வரவில்லை. அண்ணே, வேனைக் கொஞ்சம் முன்னால எடுங்க என்றேன். விரலை உயர்த்தி, இரு என்றார்.

பிறகு பெற்றோர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். குரூப்பில் ஒரு சேதி போட்டால் ஒரு நிமிஷத்தில் எல்லாருக்கும் போய்விடும். அது அவருக்குத் தெரியும். ஒவ்வொருவராகத்தான் கூப்பிட்டார். வணக்கம், சாப்பிட்டாச்சா, ஆமா, நாளைக்கு வேன் வரும், வழக்கமான நேரம், வழக்கமான இடம், இல்லை இல்லை, கைக்கு ஒண்ணுமில்லை. ஒவ்வொரு அம்மாவிடமும் பிள்ளையின் காய்ச்சலை விசாரித்தார், பரீட்சையை விசாரித்தார். குப்பைத் தொட்டி நிழலில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு விசாரித்தார்.

நான் சுவரோடு நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். பதினான்கு பிள்ளைகள். அப்போது நான்காவது அம்மா பேசிக்கொண்டிருந்தார்.